கொடுத்து ஆண்டவர்களும் பெற்று ஆண்டவர்களும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு குடியின் தலைவன் தன் குடிக்குள் ஆள்வது எளிது. அவனை அறிந்தவர்கள், அவனோடு பெண் கொண்டு பெண் கொடுத்தவர்கள், ஒரே கோயிலில் திருநீறு பெறுபவர்கள் அவனைச் சூழ்ந்திருக்கின்றனர். அவனது ஆணை எல்லை கடக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. மறுகரையில் இருப்பவர்களுக்கு அவன் யாரோ ஒருவன். அவர்களை எப்படி ஆள்வது? ஆளத் தொடங்கிய பின், தன் சொந்த மக்களுக்கு அவன் இன்னும் உறவினன்தானா, அல்லது அவர்களுக்கும் அரசன் ஆகிவிட்டானா? இவ்வினாவுக்குப் புதுக்கோட்டை மண் தந்த விடையே இன்றைய பொருள். அவ்விடையின் தனித்தன்மை தெரிய வேண்டுமாயின், வேறொரு மண் தந்த விடையை முதலில் காண்பது நல்லது.

இன்றைய பல்கேரியாவும், கிரேக்கத்தின் வடபகுதியும், துருக்கியின் ஐரோப்பியப் பகுதியும் சேர்ந்த நிலப்பரப்பில் பண்டைக் காலத்தில் திரேசியர் எனப்பட்ட பல குடிகள் வாழ்ந்தன. அவற்றுள் ஓட்ரிசியர் என்ற குடியின் தலைவன் தெரெஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அண்டைக் குடிகளை அடக்கிப் பேரரசு ஒன்றுக்கு அடிகோலினான். அவன் மகன் சிடால்கஸ் அதனைப் பெருக்கினான். அந்நாட்டில் பொற்சுரங்க உரிமை பெற்றிருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அவ்வரசைப் பற்றி நுட்பமான செய்திகளை விட்டுச் சென்றிருக்கிறார். சிடால்கஸை அடுத்து ஆண்ட சியூதஸ் காலத்தில் திறையாக வந்த பொன்னும் வெள்ளியும் ஏறத்தாழ 400 தாலந்து மதிப்புடையன. அதற்குக் குறையாத மதிப்பில் அன்பளிப்புகளும் வந்தன. பூவேலை செய்த துணிகளும் வெறுந்துணிகளும் தனி. இவை அரசனுக்கு மட்டுமன்று, அவனோடு ஆட்சியில் பங்குகொண்ட குடித்தலைவர்களுக்கும் உரியவை. பாரசீக அரசர்கள் பெறுவதைவிடக் கொடுப்பதைப் பெருமையாகக் கருதினர். ஓட்ரிசியரோ இதற்கு நேர்மாறு. கேட்டுப் பெறாமற் போவதைவிட, கேட்டபோது கொடுக்காமல் இருப்பதே அங்கு இழிவு. கையுறை இன்றி எச்செயலும் நடவாது என்கிறார் தூசிடிடீஸ்.

தாயகமும் வென்ற நாடும் அங்கு எப்படிப் பிரிந்து நின்றன என்பதும் தெரிகிறது. கடற்கரைக் கிரேக்க நகரங்கள் திறை செலுத்தின. ரொடோப்பி மலையில் வாழ்ந்த வாள்வீரக் குடிகளோ யாருக்கும் திறை செலுத்தவில்லை. கி.மு. 429இல் சிடால்கஸ் மக்கதோனியா மீது படையெடுத்தபோது அவர்களுள் சிலர் கூலிக்கு வந்தனர். சிலர் தாமாகவே வந்தனர். அடக்க முடிந்தவனிடம் திறை, அடக்க முடியாதவனுக்குக் கூலி. ஆட்சி நூல் எதுவும் எழுதாமலே அவர்கள் கைக்கொண்ட நெறி இது.

மற்றொரு காட்சியும் உண்டு. கி.மு. 400ஆம் ஆண்டை ஒட்டி, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், இரண்டாம் சியூதஸின் விருந்தில் அமர்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கொடை தருகின்றனர். ஒருவர் வெண்குதிரை ஒன்றையே கொணர்ந்து நிறுத்துகிறார். அங்கிருந்த ஏதென்ஸ் நகரத்தார் ஒருவர் எழுந்து, உள்ளவர்கள் அரசனுக்குத் தருவதும், இல்லாதவர்களுக்கு அரசன் தருவதும் பழைய நல்வழக்கம் என்று சொல்லித் தாம் வெறுங்கையோடு வந்ததற்கு நயமாக வழி தேடிக்கொண்டார். செனபோனிடமும் கொடுக்க ஒன்றுமில்லை. கிண்ணத்தைக் கையிலேந்தித் தம்மையும் தம் வீரர்களையுமே அரசனுக்கு அளிப்பதாகக் கூறிச் சமாளித்தார். பரிசிலர் வாழ்வைப் படித்தவர்களுக்கு இக்காட்சி தலைகீழாகத் தெரியும். தமிழகத்தில் வெறுங்கையோடு வந்தவன் புலவன், அவன் நாணவில்லை. நாண வேண்டியவன் கொடாதவன்.

தமிழகத்துக் குடித்தலைவர்களாகிய வேளிரின் பெருமை கொடையாலேயே அளக்கப்பட்டது. மூவேந்தரும் முற்றுகையிட்டபோது பாரியின் முந்நூறு ஊர்களும் ஏற்கெனவே பரிசிலர்க்குப் போய்விட்டன என்பது புறநானூறு தரும் செய்தி. அந்தப் பறம்பு இன்றைய பிரான்மலை. புதுக்கோட்டை எல்லையிலிருந்து தொலைவில் இல்லை. பின்னர், கொடும்பாளூரில் ஆண்ட இருக்குவேளிர் சோழரோடு மணவுறவும் படையுறவும் கொண்டு இம்மண்ணில் நிலைத்தனர். பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரால் இரண்டுமாக எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே எஞ்சியுள்ளன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் முன்னோரின் போர்களை வரிசையாகச் சொல்லி வந்து, இறுதியில் ஒரு கொடையில் முடிகிறது: மல்லிகார்ச்சுனர் என்ற தவசிக்கு ஒரு மடமும், ஐம்பது தவசியர்க்கு உணவளிக்கப் பதினொரு ஊர்களும். போர் முன்னுரையாகவும் கொடை முடிவுரையாகவும் அமைந்த அந்தக் கல்வெட்டின் அமைப்பே ஓர் ஆட்சி இலக்கணம் எனலாம்.

இவ்விலக்கணம் முழு உருவம் பெற்றது தொண்டைமான்கள் காலத்தில்தான்.

தொண்டைமான் மரபினர் அம்பு நாட்டுக் கள்ளர். கறம்பக்குடிக்கு அருகிலுள்ள அம்புகோயில் அவர்களது குலத் தாயகம். தொண்டைமண்டலத்திலிருந்து வந்து அங்குக் குடியேறியதாக மரபுக் கதை. யானையொன்றை அடக்கியதற்காக விசயநகரத்துச் சீரங்கராயர் 'ராய' என்ற பட்டம் அளித்ததாகவும் அக்கதை தொடர்கிறது. கதை எதுவாயினும் ஆகுக. பட்டம் பெறப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. கி.பி. 1686இல் ரகுநாதராயத் தொண்டைமான் ஆட்சிக்கு வந்ததும் ஒரு கொடையினால்தான். இராமநாதபுரம் கிழவன் சேதுபதி அவருடைய தமக்கை காதலி நாச்சியாரை மணந்தவர். புதுக்கோட்டையை ஆண்டுவந்த பல்லவராயரை விலக்கி அப்பகுதியைத் தொண்டைமானுக்கு அளித்தார். தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரைத் தனியே ஆண்டார். 1750 வாக்கில் குளத்தூரும் புதுக்கோட்டையோடு இணைந்துவிட்டது. ஆக, அம்பு நாடு என்ற ஒரு குடியிருப்பின் தலைவர்கள், இரண்டு தலைமுறைகளுக்குள், தம்மை முன்பின் அறியாத பல நாடுகளுக்கு அரசர் ஆகிவிட்டனர்.

இந்த 'நாடு' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது நிலப்பிரிவு மட்டுமன்று. ஒரு குடியின் உறவு எல்லை, அம்பலகாரரின் நீதி எல்லை, கோயில் மரியாதையின் எல்லை. அரசர் குடியும் கள்ளர், ஆளப்பட்டவர்களுள் ஒரு பெரும்பகுதியும் கள்ளர் என்பதால் ஆட்சி எளிதாயிற்று என்று எண்ணினால் அது பிழை. குளத்தூர்ப் பகுதியின் விசெங்கி நாட்டுக் கள்ளர் எளிதில் பணியவில்லை. படை கொண்டே அவர்களை அடக்க வேண்டியிருந்தது என்று சமஸ்தான வரலாறுகள் கூறுகின்றன. சாதிப் பெயர் ஒன்றாயிருப்பது வேறு, நாடு ஒன்றாயிருப்பது வேறு.

பெற்ற நாடுகளைத் தொண்டைமான்கள் தம் நாடுகளாக்கிய வழிகளுள் முதன்மையானது, அவர்கள் தெய்வத்தைத் தேர்ந்த முறை. குலத் தாயகம் அம்புகோயில். ஆனால், 1730இல் விசயரகுநாதராயத் தொண்டைமான் முடிசூடிக்கொண்டது அங்கன்று. பெற்ற நாட்டின் பழம்பெருங் கோயிலாகிய குடுமியான்மலையில். அரசின் தலைமைத் தெய்வமாக உயர்ந்தவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். அரசர்கள் தம்மைப் 'பிரகதாம்பாதாசர்' என்றனர். அம்மன் உருவம் பொறித்த சிறு செப்புக்காசு 'அம்மன் காசு' என்று மக்களிடையே வழங்கியது. குலதெய்வம் குலத்தாருக்கு, காசில் ஏறிய தெய்வமோ எல்லார்க்கும் பொது. வென்றவன் தன் தெய்வத்தை வெல்லப்பட்டவன் மேல் திணிக்காமல், வெல்லப்பட்ட மண்ணின் தெய்வத்துக்குத் தன்னையே அடிமை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அரசியல் கூர்மையில் இதனை விஞ்சிய செயல் அந்த மரபில் வேறில்லை.

சதாசிவப் பிரம்மேந்திரர் திருவரங்குளக் காட்டில் மணலில் எழுதிக் காட்டிய உபதேசமும், அம்மணல் அரண்மனையில் பூசை பெற்றதும், நவராத்திரி நாட்களில் அந்தணர்க்கு அரிசியும் அம்மன் காசும் வழங்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அவற்றை மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது வழி நிலக்கொடை. இங்கேதான் திரேசியருக்கும் தொண்டைமானுக்கும் உள்ள வேறுபாடு எண்களில் தெரிகிறது. இச்சமஸ்தானத்தின் ஆவணங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் நிக்கொலஸ் டர்க்ஸ், 'வெற்று மகுடம்' என்று பொருள்படும் தலைப்பில் 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரது கணக்கின்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடி நிலத்தில் முப்பது விழுக்காட்டிற்கும் குறைவானதே அரசுக்கு வரியோ விளைச்சற் பங்கோ தந்தது. ஏறத்தாழ அறுபது விழுக்காடு இனாம். அதில் பெரும்பகுதி கோயில், மடம், சத்திரம், அந்தணர் குடியிருப்பு ஆகியவற்றுக்கு. அடுத்த பெரும்பங்கு அமரகாரர், சேர்வைகாரர் முதலிய படையினர்க்கும் அரண்மனைக் காவலர், பணியாளர்க்கும். எஞ்சியது ஊர் அலுவலர், கைவினைஞர், ஊர்ப் பணியாளர் ஆகியோர்க்கு.

வருவாய்க் கண்ணோடு பார்ப்பவர்க்கு இது ஊதாரித்தனம். பெரிய ஆறு எதுவும் வளங்கொடாத, கண்மாயையும் ஏந்தலையும் நம்பிய, 1,200 சதுர மைலுக்கும் குறைந்த சிறு சமஸ்தானம் தன் நிலத்தில் பாதிக்கு மேல் வழங்கிவிட்டால் கருவூலத்தில் என்ன மிஞ்சும்? ஆனால் அக்காலத்து அரசு கருவூலத்தில் இல்லை, கொடுத்த இடங்களில் இருந்தது. சேர்வைகாரர் ஒருவர்க்கு நிலம் கொடுத்தால், அவர் தம் கீழுள்ள அமரகாரர்க்குப் பகிர்ந்தார். அமரகாரர் போர்க்காலத்தில் ஆயுதத்தோடும், விழாக்காலத்தில் பரிவாரத்தோடும் வந்து நின்றார். நிலத்தோடு பட்டமும், கோயிலில் முதல் மரியாதையும், பரிவட்டமும் சேர்ந்து சென்றன. பெற்றவன் உயர்ந்தான், பெற்றதனாலேயே கட்டுண்டான். நேற்றுவரை தன் நாட்டில் தானே தலைவனாயிருந்த அம்பலகாரன், அரசர் அளித்த மரியாதையை அதே கோயிலில் பெற்றபோது, அவனது பழைய தலைமை புதிய கொடையாக மாறிவிட்டது. அவனிடமிருந்து எதையும் பறிக்காமல் அவனது தலைமையின் மூலத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்!

இந்த ஆட்சிக்குப் புலவனும் தேவைப்பட்டான். நுதுருபாடி வெங்கனர் தெலுங்கில் இயற்றிய 'தொண்டைமான் வம்சாவளி' அந்தத் தேவையில் பிறந்தது. கள்ளர் குடித் தலைவர் ஒருவர்க்குத் தமிழ் மண்ணில் தெலுங்கில் ஏன் வமிச வரலாறு? நாயக்கர் காலத்தின் பின் அரசவைப் பெருமைக்குரிய மொழி அதுவாயிருந்தது. அம்பு நாட்டார்க்குத் தம் தலைவன் யார் என்று பாடிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்க்கும் அயல் அரசவைக்கும் அன்றோ வமிசாவளி!

இங்கு ஒரு தடை எழுப்பியாக வேண்டும். கொடுத்து ஆண்டான் என்று வாயாரச் சொல்கிறோம். கொடுக்கப்பட்டது எங்கிருந்து வந்தது? அமானி முறையில் இருந்த நிலத்தின் விளைச்சலை ஒன்பது கூறாக்கினால், ஒரு கூறு ஊர்ப்பணியாளர்க்கு. நான்கு கூறு உழுதவனுக்கு. நான்கு கூறு அரசனுக்கு. அரசு அலுவலர் வந்து மதிப்பிடும்வரை கதிர் காத்துக் கிடக்க வேண்டும். மழை வந்தால் இழப்பு உழவனுக்கே. கண்மாய்க் கரை காப்பதற்கும் தேர் இழுப்பதற்கும் 'ஊழியம்' என்ற பெயரில் உழைப்பு பெறப்பட்டது. வெட்டியானுக்கும் தோட்டிக்கும் துண்டு நிலம் மானியமாக உண்டு. அதுவும் கொடைதான், ஆனால் அவன் எந்த வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும் என்பதையும் அதே துண்டு நிலம் நிலைநாட்டியது. ஓட்ரிசிய அரசன் கையை நீட்டி வெளிப்படையாகப் பெற்றான். தொண்டைமான் ஒரு கையால் பெற்றதை மறு கையால் கொடுத்தார். கொடுத்த கையைப் பற்றியே பாட்டு இருக்கிறது. பாரியின் முந்நூறு ஊர்களைப் பாடியவர்களும் அவ்வூர்களில் உழுதவர் யார் என்று கேட்டதில்லை. புலவர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லாமற் போவது முறையன்று.

கொடையால் கட்டும் கலையைத் தொண்டைமான்கள் தம்மைவிடப் பெரியவர்களிடத்தும் அறிந்து நடந்தனர். சேதுபதியின் கொடையில் தொடங்கியவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கட்டிலிருந்து நழுவிவிட்டனர். கருநாடகப் போர்களில் ஆங்கிலேயர்க்கு உதவினர். 1799இல் கட்டபொம்மன் இவர்கள் எல்லைக்குள் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி இன்றும் நெஞ்சை உறுத்துவது. அதனை மழுப்ப வேண்டியதில்லை. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்குக் கைம்மாறாகக் கீழாநிலைப் பகுதி 1803இல் தொண்டைமானுக்குக் கிடைத்தது. அதற்கு விதித்த திறை விந்தையானது: ஆண்டுக்கு ஒரு யானை. அந்த யானையைக் கும்பினியார் வற்புறுத்திப் பெற்றதில்லை. 1836இல் அக்கடப்பாடும் நீக்கப்பட்டது. யானையை அடக்கிப் பட்டம் பெற்றதாகக் கதை சொன்ன மரபுக்கு, கொடுக்கப்படாத யானை ஒன்று அடிமைச் சீட்டானது. திறை வாங்காத மேலாளர் அரசியல் முகவரை அனுப்பினார். மேஜர் பிளாக்பர்ன் காலத்திலிருந்து அரண்மனையின் வரவு செலவுகளை வேறு கண்கள் பார்க்கத் தொடங்கின.

போர் ஓய்ந்தது. போர் ஓய்ந்த நாட்டில் அமரகாரர் எதற்கு? இந்த வினா நெடுநாள் விடையின்றிக் கிடந்தது. இராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் கடனும் குழப்பமும் பெருகின. 1878இல் திவானாக வந்த அ. சேஷையா சாஸ்திரியார், பின்னர் இளவரசரின் சிறுபருவத்தில் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்தவர், விடை கண்டார். அமானி முறை ஒழிந்தது, பணத்தீர்வை வந்தது. 1888இல் இனாம் தீர்வு நடந்தது. படை ஊழியம் செய்ய வேண்டியதில்லை; அதற்குப் பதிலாக வரி கட்டிவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

காகிதத்தில் இது சிறு மாற்றம். அமரகாரன் வீட்டில் அது பெரு மாற்றம். அவன் பாட்டன் அரசரின் ஆள். அவன் இனிப் பட்டா எண். தசராவில் பரிவாரத்தோடு நின்ற இடம் அவனுக்கு இருந்திருக்கலாம். நிற்க வேண்டிய காரணம் இல்லை. மகுடம் வெற்று மகுடம் ஆயிற்று என்று டர்க்ஸ் சொல்வது இதனைத்தான். விழாவும் விருதும் குறையவில்லை, கூடவும் செய்தன. ஆனால் அவற்றைத் தாங்கிய கொடை உறவு அறுந்துபோயிற்று.

எனினும், களத்தில் கதிரோடு காத்துக் கிடந்த உழவனுக்கு அதே சீர்திருத்தம் விடுதலை. தன் விளைச்சலைத் தான் விரும்பிய நாளில் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உரிமையை அவனுக்கு அளித்தது எந்த வள்ளலும் அல்ல, ஒரு திவானின் கோப்பு. அமரகாரனின் இழப்பும் உழவனின் ஆதாயமும் ஒரே தீர்வுக் காலத்தில் நிகழ்ந்தவை. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் வரலாறு குறையுடையது. முதலாவதைப் பற்றி ஆய்வு நூல் வந்துவிட்டது. இரண்டாவதைப் பற்றிய நாவலோ காவியமோ எழுதப்படவேண்டியது இன்னும் இருக்கிறது. இவ்வட்டத்துக் கவிஞர்கள் கைவைக்கத் தக்க பொருள் அது.

1948 மார்ச்சு மாதத்தில் இராசகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று; அரசரின் புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. அதன் முன் திங்கட்கிழமைதோறும் மக்கள் மனுக்களோடு வரிசையில் நிற்கின்றனர். அம்புகோயிலிலிருந்தும், குளத்தூரிலிருந்தும், கீழாநிலையிலிருந்தும் வருபவர்கள் அந்த வரிசையில் உண்டு. யார் எந்த நாட்டார் என்று அங்கு எவரும் கேட்பதில்லை. பட்டா மாறுதலுக்கு வந்த ஒருவர் கையிலுள்ள பழைய தாளில், நிலத்தின் வகை என்னும் இடத்தில், 'இனாம்' என்ற சொல் இன்னும் இருக்கக்கூடும்.